கோப்பி, தேயிலை, அடுத்தது சுற்றுலாவா?

இலங்கையின் மலையக ரயில்பாதையைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். நீல நிற ரயில், தேயிலைச் சரிவு, கதவில் தொங்கியபடி ஒரு வெளிநாட்டுப் பயணி. இந்தப் படம் இல்லாத சுற்றுலா விளம்பரத்தை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் பாலத்தை விட்டுவிட்டுக் கணக்குப் புத்தகத்தில் ஆரம்பிக்கப் போகிறேன். கொழும்பிலிருந்து பதுளை வரை சுமார் 290 கிலோமீட்டர் நீளும் இந்தப் பாதையை யார், எதற்காக, யாருடைய காசில் போட்டார்கள்? போட்ட காரணம் ஒழிந்த பிறகும் அது எப்படிப் பிழைத்தது? இன்று அதை யாருக்காக ஓட்டுகிறோம்? இந்த மூன்று கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் துலங்கும். ஒவ்வொரு காலத்திலும் ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பியே இந்தப் பாதையைத் திட்டமிட்டிருக்கிறார்கள். முதலில் கோப்பி, பிறகு தேயிலை, இப்போது சுற்றுலாப் பயணி. முதல் இருவரும் கைவிட்டுப் போனார்கள். அப்போதெல்லாம் பாதையைத் தாங்கிப் பிடித்தவர்கள், திட்டம் போட்டவர்கள் பெரிதாக எண்ணாத சாதாரணப் பயணிகள். ஆகவே மூன்றாவது வாடிக்கையாளரை நம்பி மறுபடியும் எல்லாவற்றையும் அவர் பக்கம் சாய்ப்பது நல்லதில்லை என்பதே என் வாதம்.

கோப்பியிலிருந்து வருவோம். 1830களிலும் 1840களிலும் கண்டியைச் சுற்றிய மலைகளில் காடழித்துக் கோப்பி நட்ட ஆங்கிலேயத் தோட்டத்துரைமாருக்கு ஒரே பெரிய தலைவலி, பறித்த கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கண்டி வீதி இருந்தது. அதில் மாட்டு வண்டிகள் ஊர்ந்தன. ஒரு வண்டி போய்த் திரும்ப வாரக்கணக்காகும். மழைக்காலத்தில் வீதி சேறாகும், மாடுகளுக்கு நோய் வந்தால் போக்குவரத்தே படுத்துவிடும், வண்டிக்கூலி ஏறும். இந்தப் பின்னணியில்தான் 1845இல் லண்டனில் இலங்கை ரயில்வே கம்பனி உருவானது. கம்பனி உருவான சூட்டோடு கோப்பி விலை சரிந்தது. 1847இல் வந்த வர்த்தக நெருக்கடியில் பல தோட்டங்கள் கைமாறின, ரயில் திட்டம் கிடப்பில் போனது. பாதைக்கு ஒரு கல் நகர்த்துவதற்கு முன்பே, ஒற்றைப் பயிரை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒத்திகை நடந்துவிட்டது. யாரும் அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை. கோப்பி விலை மீண்டதும் திட்டமும் உயிர்த்தது. 1854இல் தோட்டக்காரர் சங்கம் அமைந்தது, அதன் முதல் கோரிக்கைகளில் ரயிலும் ஒன்று. 1858 ஆகஸ்டில் ஆளுநர் ஹென்றி வார்ட் முதல் மண்வெட்டு வெட்டி வேலையைத் தொடக்கிவைத்தார்.

அடுத்த கட்டம் இன்றைய மெகா திட்டங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் புதிதாக இருக்காது. கம்பனி ஆரம்பத்தில் சொன்ன மதிப்பீடு சுமார் 8 லட்சம் பவுண். பிரதம பொறியியலாளர் டொய்ன் மலையை ஒழுங்காக அளந்து பார்த்தபோது தொகை 20 லட்சத்தைத் தாண்டியது. கம்பனியோடு செய்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, 1860களின் தொடக்கத்தில் குடியேற்ற அரசே வேலையைத் தன் கையில் எடுத்தது. இந்தியாவின் முதல் பயணிகள் பாதையான பம்பாய்–தாணா பாதையைக் கட்டிய ஃபேவியல் என்பவரிடம் ஒப்பந்தம் போனது. 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 54 கிலோமீட்டருக்கு முதல் ரயில் ஓடியது. 1867இல் பாதை கண்டியைத் தொட்டது. றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை 45 அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்தான ஏற்றம்தான் இதில் மிகக் கடினமான பகுதி. பாரமான ரயில்களுக்கு அங்கே பின்னாலிருந்து தள்ள இன்னோர் இயந்திரம் வேண்டியிருந்தது. எல்லாம் சேர்த்துக் கொழும்பு–கண்டிப் பாதைக்கான செலவு 17 லட்சம் பவுணுக்கு மேல். இந்தப் பணம் இங்கிலாந்து அரசின் கொடை என்று நினைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அரசு பொறுப்பேற்ற பிறகு கடனும் வட்டியும் இலங்கையின் வருமானத்தின் தலையில் விழுந்தன. அந்த வருமானத்தில் கோப்பி ஏற்றுமதித் தீர்வைக்கு முக்கிய இடம். அந்தத் தீர்வை கட்டிய கோப்பியைப் பறித்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளர்கள். ரயில்பாதை வேலையிலும் அவர்கள் கை இருந்தது.

இனி நடந்ததைக் கவனியுங்கள். பாதை கண்டிக்கு வந்த இரண்டாம் ஆண்டு, அதாவது 1869இல், மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூள் படிந்த புள்ளிகள் தென்பட்டன. இலைத்துரு நோய். ஆரம்பத்தில் பலரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் 1870ஐ ஒட்டித்தான் கோப்பி ஏற்றுமதி 10 லட்சம் அந்தரைத் தாண்டி உச்சத்தில் நின்றது. விளைச்சல் குறைந்தபோதும் உலகச் சந்தையில் விலை ஏறியதால் வருமானம் குறையாமல் இருந்தது. அந்த மயக்கத்தில் புதிய மலைகளில் காடு வெட்டினார்கள், ரயில்பாதையையும் மேலே மேலே கேட்டார்கள். 1874இல் நாவலப்பிட்டி, 1880இல் மாத்தளை, 1885இல் நானுஓயா. நானுஓயாவுக்கு ரயில் வந்து சேர்ந்தபோது எந்தப் பயிருக்காக அந்தப் பாதையைக் கேட்டார்களோ அந்தப் பயிர் ஏறக்குறைய செத்துவிட்டிருந்தது. ஏற்றம் ஏறி வந்த ரயிலுக்குக் கீழே கொண்டுபோகச் சரக்கு இல்லாத நிலை வந்திருக்க வேண்டும். வராமல் தடுத்தது தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல், கண்டிக்கு ரயில் வந்த அதே ஆண்டில். ஆனால் ரயில்பாதையைத் திட்டமிட்டவர்களின் கணக்கில் தேயிலைக்கு இடமே இருக்கவில்லை. பாதை தேயிலைக்காகக் காத்திருந்தது என்று பின்னாளில் எழுதுகிறவர்கள் சொல்வார்கள். உண்மையில் பாதைக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அவ்வளவுதான்.

இந்த அதிர்ஷ்டக் கதைக்குள் இன்னொரு கதை ஓடியது. பாதையில் கீழே இறங்கியது மட்டும் சரக்கு இல்லை. மேலேயும் நிறைய ஏறியது. தோட்டத் தொழிலாளருக்கான அரிசி பெரும்பாலும் இறக்குமதி. அது கொழும்பிலிருந்து மலைக்குப் போனது. உரம், தேயிலைப் பெட்டிக்கான பலகை, தொழிற்சாலை இயந்திரங்கள் எல்லாம் போயின. எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்கள் போனார்கள், வந்தார்கள். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கி இந்திய, இலங்கை ரயில்கள் இணைந்த பின்னர், மண்டபம் முகாமைத் தாண்டி வந்த தொழிலாளர் குடும்பங்கள் ரயிலிலேயே மலைக்கு ஏறினார்கள். அதற்கு முந்திய தலைமுறை மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, நோயிலும் பட்டினியிலும் பலரை வழியில் இழந்து வந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தபோது, அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே தண்டவாளத்தில் கீழே இறங்கித் தலைமன்னாருக்குப் போனார்கள். மலையக மக்கள் அந்த ரயில்களை ஒப்பாரிக் கோச்சி என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். கோப்பி மூட்டைக்காகப் போட்ட பாதை ஒரு சமூகத்தின் வருகைக்கும் பிரிவுக்கும் சாட்சியானது எந்த ஏற்றுமதிப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. ஆனாலும் பாதையின் பயன் என்று கணக்கெடுக்கப் புறப்பட்டால் இதை விட்டுவிட முடியாது.

பாதை நீடித்ததற்கு ஒரு தொழில்நுட்ப முடிவும் காரணம். மலையேறும் ரயில் என்றால் ஊட்டி ரயிலும் டார்ஜிலிங் ரயிலும்தான் நமக்கு நினைவுக்கு வரும். இரண்டும் குறுகிய தண்டவாளத்தில், தனிப் பெட்டிகளோடு, சமவெளியின் பெரிய ரயிலிலிருந்து இறங்கி மாறி ஏற வேண்டிய பாதைகள். இலங்கையிலும் மேல்மலைக்குக் குறுகிய பாதை போட்டால் செலவு மிச்சமாகும் என்ற யோசனை எழாமல் இல்லை. ஆனால் பிரதான பாதையை முழுக்க ஐந்தரை அடி அகலத்திலேயே கொண்டுபோனார்கள். 1893இல் அப்புத்தளை, 1894இல் பண்டாரவளை, முதல் உலகப்போர் இடையில் புகுந்து தாமதித்ததால் 1924இல்தான் பதுளை. பட்டிப்பொலையில் 1,890 மீட்டருக்கும் மேலே ஏறும்போதும் கொழும்பில் கிளம்பிய அதே பெட்டிதான். தெமோதரையில் இடம் போதாமல் பாதை தன்னையே ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து போவதும் இந்த அகலத்தை விட்டுக்கொடுக்காமல் சரிவைச் சமாளிக்கத்தான். இதன் விலை என்னவென்றால், 100 மீட்டர் ஆரமுள்ள இறுக்கமான வளைவுகளில் பெரிய ரயில் ஊர்ந்துதான் போக முடியும். பயன் என்னவென்றால், பதுளைக்காரர் ஒருவர் ஏறிய இடத்திலிருந்து இறங்காமல் தலைநகருக்குப் போகலாம், பொல்காவலையில் மட்டும் மாறி வடக்கே யாழ்ப்பாணத்துக்கும் போகலாம். மலைப்பாதை நாட்டின் ரயில் வலையமைப்புக்குள் ஓர் உறுப்பாக இருந்தது. தனியே தொங்கும் பொம்மை ரயிலாக ஆகவில்லை.

இது வெறும் ஊகம் என்று ஒருவர் சொல்லலாம். அதற்குப் பக்கத்திலேயே பரிசோதனை நடந்திருக்கிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சுமார் 30 கிலோமீட்டருக்கு இரண்டரை அடி அகலத்தில் ஒரு கிளைப்பாதையை 1903–04 காலத்தில் போட்டார்கள். உடப்புசல்லாவைப் பகுதித் தேயிலைதான் அதன் உயிர்மூச்சு. லொறி வந்தது, வீதி மேம்பட்டது, தேயிலை வீதிக்கு மாறியது, 1940களில் அந்தப் பாதையின் கதை முடிந்தது. அதே அகலத்தில் இன்னொரு பாதை, களனிப் பள்ளத்தாக்குப் பாதை. கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக யட்டியாந்தோட்டைக்கும், இரத்தினபுரியைத் தாண்டி ஓப்பநாயக்கவுக்கும் போனது. தேயிலையையும் இறப்பரையும் நம்பிய மேற்பகுதிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. யட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போனது, இரத்தினபுரிப் பக்கம் 1970களில் போனது. ஆனால் கொழும்பு–அவிசாவளைப் பகுதி மட்டும் நின்றது. நின்றதோடு 1990களில் அகலப்பாதையாகவும் மாறியது. அந்தப் பகுதியில் என்ன விசேஷம்? நுகேகொடை, ஹோமாகம என்று வழி நெடுக வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தினமும் ரயில் பிடிக்கிற ஆட்கள் இருந்தார்கள். ஒரே பாதை, ஒரே தண்டவாளம், ஒரே நிர்வாகம். சரக்கை மட்டும் நம்பிய துண்டுகள் இறந்தன, ஆட்களைக் கொண்ட துண்டு பிழைத்தது. என் வாதத்துக்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

பிரதான பாதையிலும் இதே கதைதான் பெரிய அளவில் நடந்தது. இன்று தேயிலை பெரும்பாலும் லொறியில் இறங்குகிறது. தொழிற்சாலை வாசலில் ஏற்றிக் கொழும்புக் களஞ்சிய வாசலில் இறக்கலாம் என்ற வசதியோடு ரயில் போட்டி போட முடியவில்லை. நாட்டின் மொத்தச் சரக்குப் போக்குவரத்தில் ரயிலின் பங்கு இன்று மிகச் சிறியது. அப்படியானால் பாதை ஏன் மூடப்படவில்லை? கீழ்ப்பகுதியைப் பாருங்கள். 1864இல் முதல் ரயில் ஓடிய கொழும்பு–அம்பேபுஸ்ஸப் பகுதி இன்று நாட்டிலேயே மிக நெரிசலான ரயில்பாதைகளில் ஒன்று. றாகமை, கம்பஹா, வேயாங்கொடை, பொல்காவலை என்று காலையில் கொழும்புக்கு வரும் அலுவலக ரயில்களில் கால் வைக்க இடமிருக்காது. றம்புக்கனை வரை இரட்டைப் பாதை இருப்பதும் இந்தக் கூட்டத்துக்காகத்தான். யாழ்ப்பாணம், தலைமன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு என வடக்கிற்கும் கிழக்கிற்கும் கொழும்பிலிருந்து போகிற ரயில்கள் வழக்கமாகப் பொல்காவலை வரை இந்தத் தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. மேற்பகுதியில் கூட்டம் குறைவு, ஆனால் தேவை கூர்மையானது. அட்டன், தலவாக்கலை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். பெருநாளைக்கு ஊர் திரும்ப அவர்கள் நம்புவது மூன்றாம் வகுப்புப் பெட்டியையும் இரவுத் தபால் ரயிலையும். கண்டியிலும் பேராதனையிலும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகிறவர்களுக்கும் இதுவே மலிவான வழி. 2022இல் நாட்டில் எரிபொருள் இல்லாமல் பஸ்கள் நின்றபோது ரயில்களில் எவ்வளவு கூட்டம் தொங்கியது என்பதை இலங்கையில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் மூன்றாவது வாடிக்கையாளர் வருகிறார். உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்த பிறகு சுற்றுலா பெருகியது. கண்டி–எல்ல ரயில் பயணம் உலகின் அழகான பயணங்களில் ஒன்று என்று பட்டியல்களில் ஏறியது. எல்ல ஒரு சிற்றூரிலிருந்து விடுதிகள் நெருங்கிய சுற்றுலா நகரமானது. ரயில்வேயும் அதற்கேற்ப நகர்ந்தது. குளிரூட்டிய பெட்டிகள் வந்தன, எல்ல ஒடிசி போன்ற சுற்றுலா ரயில்கள் வந்தன. இதில் தவறு ஏதும் இல்லை. தவறு தொடங்குவது, பாதையின் மதிப்பே இதுதான் என்று திட்டமிடுகிறவர்கள் நினைக்கத் தொடங்கும்போது. பொடி மெனிக்கே, உடரட்ட மெனிக்கே போன்ற வழக்கமான ரயில்களின் முன்பதிவு இருக்கைகள் திறந்த வேகத்தில் தீர்ந்துபோகின்றன. அவற்றை மொத்தமாக வளைத்துப் பல மடங்கு விலைக்குப் பயணிகளிடம் விற்கும் மோசடி பற்றிப் பொலிஸ் விசாரணைகளும் கைதுகளும் நடந்திருக்கின்றன. கதவில் சாய்ந்து படம் எடுக்கப் போய் உயிரிழந்தவர்களும் உண்டு. அப்புத்தளையிலிருந்து கண்டிக்கு நோயாளியைக் கூட்டிப்போக நினைக்கும் ஒரு குடும்பத்துக்கு ஓர் இருக்கைகூடக் கிடைக்காத ரயிலை வெற்றி என்று எப்படிச் சொல்வது?

இதற்கு வரும் முதல் எதிர்வாதம் காசு. ரயில்வே திணைக்களம் வருடா வருடம் நட்டத்தில் ஓடுகிறது, சுற்றுலாப் பயணி நல்ல கட்டணம் தருகிறார், அவரைத் துரத்திவிட்டு யாரை வைத்து நடத்துவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சுற்றுலா வருமானம் எவ்வளவு உறுதியானது என்பதையும் கூடவே கேட்க வேண்டும். 2018இல் இலங்கைக்கு வந்த பயணிகள் 23 லட்சத்துக்கு மேல். 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், 2020இல் கொரோனா. 2021இல் வந்தவர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீள முயன்றபோது 2022இன் பொருளாதார நெருக்கடி. கோப்பியை இலைத்துரு வீழ்த்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் எடுத்தன. சுற்றுலா மூன்றே ஆண்டில் விழுந்தது. பிறகு மீண்டது உண்மைதான். ஆனால் பயணிகள் வராத அந்த ஆண்டுகளிலும் தண்டவாளத்துக்கு ஆணி அடிக்க வேண்டும், சரிவுகளில் வடிகால் வெட்ட வேண்டும், ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆகவே சுற்றுலாக் காசை வாங்கிக்கொள்ளுங்கள், தாராளமாக வாங்குங்கள். அதற்கென்று தனிப் பெட்டி, தனி ரயில், உயர்ந்த கட்டணம் வையுங்கள். வந்த இலாபத்தைப் பாதைப் பராமரிப்பில் போடுங்கள். ஏற்கெனவே இருக்கும் இருக்கைகளைப் பிடுங்கி அந்தக் காசைச் சம்பாதிக்காதீர்கள். நட்டம் என்ற சொல்லையும் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். வீதிக்குச் செலவழிக்கும் பணத்தை யாரும் நட்டம் என்று எழுதுவதில்லை, ஆனால் ரயிலுக்குச் செலவழித்தால் உடனே நட்டக் கணக்கு வருகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால்தான் நேர்மை.

இரண்டாவது எதிர்வாதம் வேகம். கொழும்பு–பதுளை ரயிலுக்கு ஒன்பது பத்து மணிநேரம் ஆகிறது, சராசரியாக மணிக்கு 30 கிலோமீட்டர்தான் தேறும். பஸ் குறுக்கு வழியில் முந்திவிடும். ஆகவே அவசரமில்லாத சுற்றுலாப் பயணிக்கே இந்த ரயில் பொருத்தம் என்பார்கள். கொழும்பிலிருந்து பதுளை வரை ஒரே மூச்சில் போகிறவருக்கு இது சரி. ஆனால் இந்தப் பாதையில் ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் அப்படிப் போகிறவர்கள் அல்லர். இரண்டு ஸ்டேஷன், ஐந்து ஸ்டேஷன் தூரம் போகிறவர்களுக்கு, மலை வீதி வளைந்து வளைந்து போகும் இடங்களில், ரயில் அவ்வளவு பின்தங்குவதில்லை. பஸ் நிற்காத தோட்டப் பிரிவின் பக்கத்தில் சிறு ஸ்டேஷன் இருக்கும். கட்டணமும் குறைவு. நள்ளிரவில் படுத்துறங்கி விடிகாலையில் இறங்குகிறவருக்கு மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது முக்கியமும் இல்லை. வேகத்தை உயர்த்த முடியாத பாதையில், நேரத்துக்கு வருவதையும் இருக்கை கிடைப்பதையும் உயர்த்தலாம். இரண்டுக்கும் புதிய சுரங்கம் தேவையில்லை.

மூன்றாவது எதிர்வாதம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது அன்போடு வருகிறது. ஊட்டி ரயிலைப் போல, 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய அந்த ரயிலைப் போல, மலையகப் பாதையையும் பாரம்பரியச் சின்னமாக்கிப் பேணலாமே என்கிறார்கள். நீலகிரி ரயிலைப் பேணியது நல்ல காரியம். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு வேலைக்குப் போகிறவர் எதில் போகிறார்? பஸ்ஸில். அந்த ரயிலின் பொதுப் போக்குவரத்து வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது, ஆகவே சின்னமாக்கியதால் அதிகம் பேர் பாதிக்கப்படவில்லை. இலங்கைப் பாதையின் வேலை முடியவில்லை. அதை இப்போதே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால், வேலையில் இருக்கும் ஒருவருக்கு ஓய்வுக் கடிதம் கொடுத்து மாலை போடுவது போலத்தான் இருக்கும். ஒன்பது வளைவுப் பாலத்தையும் கடுகண்ணாவைச் சுரங்கங்களையும் பழைய சமிக்ஞைக் கம்பங்களையும் பாதுகாக்கச் சட்டம் போடலாம். ரயில் சேவையைப் பாரம்பரியம் என்று முத்திரை குத்தும்போதுதான் கால அட்டவணை ஊர்க்காரரின் கையை விட்டுப் போகும்.

நான்காவது எதிர்வாதம் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. இது சுரண்டலுக்குப் போட்ட பாதை, தொழிலாளரின் உழைப்பை உறிஞ்சி லண்டனுக்கு அனுப்பிய குழாய், இதை இவ்வளவு உருகிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. பாதை எதற்காகப் போடப்பட்டது என்ற வரலாற்றில் அவர்கள் சொல்வது சரிதான். நானும் அதைத்தான் மேலே எழுதினேன். ஆனால் அந்தச் சுரண்டலின் செலவைக் கட்டியவர்களின் வாரிசுகளே இன்று அந்தப் பாதையின் ஓரத்தில் வாழ்கிறார்கள். தோட்டத்து லயங்களிலிருந்து நல்ல வீதிக்கு வருவதே பல இடங்களில் இன்னும் கஷ்டம். அவர்களுக்குக் கிடைத்த பொதுச் சொத்துக்கள் மிகக் குறைவு, அதில் ரயில் ஒன்று. பாதையின் பிறப்பைச் சாட்டி அதைக் கைவிட்டால் முதலில் இழப்பவர்கள் அவர்கள். பிறப்பின் அநியாயத்துக்குப் பரிகாரம் வேண்டும் என்றால், பாதையை அவர்களுடைய தேவைக்கு ஓடவைப்பதுதான் அந்தப் பரிகாரத்தின் ஆரம்பம்.

இந்த விவாதம் இப்போது ஏட்டளவில் நிற்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை மலையகத்தில் பெரும் மண்சரிவுகளை உண்டாக்கி, இந்தப் பாதையையும் பல இடங்களில் சிதைத்தது. இப்படிச் சிதைந்த மலைப்பாதையைச் சீரமைக்கும்போதெல்லாம், எந்தப் பகுதியை முதலில், எவ்வளவு செலவில், எதற்காக என்ற கேள்விகள் எழும். சுற்றுலாப் பயணியை மனதில் வைத்தால் ஒரு வரிசை வரும்: படத்தில் நன்றாக வரும் பகுதிகள் முதலில், மற்றவை மெல்ல. ஊர்ப் பயணியை மனதில் வைத்தால் வேறு வரிசை வரும்: எந்த ஸ்டேஷன் மூடினால் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது, எந்தப் பகுதிக்கு மாற்று வீதியே இல்லை என்று பார்க்க வேண்டிவரும். மழை இனிக் குறையப் போவதில்லை. ஆகவே சரிவுகளைத் தாங்கும் சுவர்களுக்கும் வடிகால்களுக்கும் ஒவ்வொரு ஆண்டும் பணம் ஒதுக்க வேண்டும். அந்தப் பணத்தை ஒரு துறையின் ஏற்ற இறக்கத்தோடு முடிச்சுப் போட்டால், சுற்றுலா சரியும் ஆண்டில் மலையும் சேர்ந்து சரியும்.

செய்ய வேண்டியவை என்று என் மனதில் படுபவை பெரிய கனவுகள் இல்லை. ஒவ்வொரு மலைநாட்டு ரயிலிலும் உள்ளூர்ப் பயணிகளுக்கென்று குறிப்பிட்ட அளவு இருக்கைகளை ஒதுக்கி, கடைசி நாள் வரை இடைநிலை ஸ்டேஷன்களின் ஜன்னலில் விற்க வேண்டும். சுற்றுலா ரயில்கள் கூடுதலாக ஓட வேண்டும், வழக்கமான ரயிலை இடம்பெயர்த்து ஓடக் கூடாது. பாடசாலை, அலுவலக நேரங்களில் அட்டன், நானுஓயா, பண்டாரவளை, பதுளைப் பக்கம் குறுந்தூர ரயில்பஸ்களை அடிக்கடி ஓட்ட வேண்டும். நுவரெலியா, பண்டாரவளை மரக்கறி கொழும்புச் சந்தைக்கு இரவில் ரயிலில் போக வாய்ப்பு உண்டா என்று ஒழுங்காகக் கணக்குப் பார்க்க வேண்டும். தேயிலை திரும்பி வராது, ஆனால் ஒரே பொருளை நம்பாமல் பல சிறு சரக்குகளை ஏற்றினால் எந்த ஒன்று போனாலும் பாதை தள்ளாடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ரயில்வே வெளியிடும் கணக்கில் வருமானத்தோடு சேர்த்து, எந்த ஸ்டேஷனில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேருக்கு இருக்கை கிடைத்தது, எத்தனை ரயில்கள் நேரத்துக்கு வந்தன என்பதையும் ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்த எண்கள் வெளியே வந்தால், யாருக்காக இந்தப் பாதை ஓடுகிறது என்று என்னைப் போன்றவர்கள் வாதாட வேண்டிய அவசியமே இருக்காது. எண்களே சொல்லிவிடும், அமைச்சரும் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.